நாமம் தோசையும் நான் வைத்த பெட்டியும்

திருத்தணி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள ஹோட்டல்களில், சமையல்கட்டுக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே முதன்முதலில் ஒயர் இழுத்துப் பேச வைத்தவன் நான். பள்ளிப்பட்டில் விசைத்தறி ஓடும் கொட்டகைக்குள், தறியை நிறுத்தாமலே முதலாளி திட்டுவதைத் தொழிலாளி கேட்க வழி செய்தவன் நான். மணவூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போதே பந்திக்கு ரசம் கேட்டு வாங்க வைத்தவனும் நான்தான். இத்தனையும் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்து செய்தது. 'சர்க்யூட்' என்று எழுதச் சொன்னால் இன்றைக்கும் மூன்று விதமாக எழுதுவேன். மூன்றிலும் கரெண்ட் ஓடும்.

என் பெயர் சாமுவேல். அப்படிக் கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது. 'பெல்லு சாமுவேல்' என்று கேட்க வேண்டும்.

எங்கள் எலக்ட்ரீஷியன் சங்கத்தின் செயலாளர் போன் செய்து, "அண்ணே, சத்தமான சமையல்கட்டுக்கு எந்த மாதிரி போன் வெக்கலாம், எந்த மாதிரி இன்டர்காம் வெக்கலாம்னு நம்ம சங்க மலருக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. புதுசா வர்ற பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். புதிதாக வருகிறவர்கள் படிப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் எழுத எனக்கு வேறொரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுப் போனுக்கு வருகிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சைவ ஹோட்டல். கீழே சமையல்கட்டு, மேலே கூடம். ஊரில் அதை 'மாடி ஹோட்டல்' என்பார்கள். அதன் முதலாளியை எல்லோரும் நைனா என்று கூப்பிடுவோம். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அவர் மகன் சின்னவர் நடத்துகிறார். போன மாதம் கனகம்மாசத்திரத்தில், திருப்பதி ரோட்டின் மேல் புதுக் கிளை திறந்தார். எனக்கும் அழைப்பு வந்தது. போனேன்.

திறப்பு விழாவில் சின்னவர் மைக்கைப் பிடித்தார். "ஒரு ஆடிக் கிருத்திகை அன்னிக்கு எங்க பழைய மாஸ்டர் ஒருத்தர் கோவத்துல அடுப்பையெல்லாம் அணைச்சிட்டார். ஜனம் எலை முன்னாடி உக்காந்துகினு இருந்துச்சு. அன்னிக்குத்தான் எங்கப்பா முடிவு பண்ணார், சமையல்கட்டுக்கு ஒரு ஒழுங்கு வேணும்னு" என்றார். கைதட்டினார்கள். அந்தப் பழைய மாஸ்டர் மூன்றாவது வரிசையில், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் குப்புசாமி. கைதட்டலுக்கு நடுவே பேத்தியின் ரிப்பனை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு சமையல்கட்டைச் சுற்றிக் காட்டினார்கள். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மூன்று விதிகள். முதல் விதி, மேலே இருந்து கேட்டதைக் கீழே இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டாம் விதி, மூன்று என்ற எண்ணுக்கு 'நாமம்' என்று சொல்ல வேண்டும். மூன்றாம் விதி, அடுப்பை நிறுத்த வாயால் சொல்லக் கூடாது, சிவப்பு மணிதான் அடிக்க வேண்டும். அடியில், வடிவமைத்தவர் என்று சென்னையிலிருந்து வந்த ஓர் ஆலோசகரின் பெயர். அவரும் பக்கத்திலேயே நின்று வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்த வட்டாரத்துல மூணுக்கு நாமம்னு சொல்றது ரொம்பப் பழைய பாரம்பரியம் சார்."

அந்தப் பாரம்பரியம் பிறந்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். வியர்த்துக்கொண்டு.

நான் தொழில் கற்ற கதை சின்னது. பள்ளிப்பட்டில் தறிக்கு நூல் சுற்றினேன். சுற்றப் பிடிக்காமல் திருத்தணிக்கு ஓடிவந்து ஒரு மைக் செட் கடையில் சேர்ந்தேன். தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன். மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றை ஒன்று பார்த்தால் ஊளையிடும் என்பதை ஒரு கல்யாணத்தில், தாலி கட்டும் நேரத்தில் கற்றுக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டார் அதை எனக்குக் கையாலேயே விளக்கினார்கள். அதன் பிறகு டெலிபோன் கேபிளுக்குப் பள்ளம் தோண்டினேன். தோண்டிய பள்ளத்தில் போன ஒயரின் நிறங்களை மனப்பாடம் செய்தேன். அவ்வளவுதான் என் காலேஜ்.

இனி போன். காசு கொடுத்தாலும் கிடைக்காத பாடம், கவனமாகக் கேட்கவும்.

சமையல்கட்டுக்குப் போன் வைக்கக் கூப்பிட்டால் பையைத் திறக்காதீர்கள். மாஸ்டர் நிற்கும் இடத்தில் போய் நில்லுங்கள். ஒரு தோசை ஊற்றி எடுக்கும் நேரம் வாயைத் திறக்காமல் நில்லுங்கள். அடுப்பின் இரைச்சல் ஒரு பக்கம், புகைபோக்கி விசிறியின் உறுமல் ஒரு பக்கம், கிரைண்டரின் கடகடப்பு, எவர்சில்வர் தட்டுகளின் கிணுகிணுப்பு. எது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரிந்த பிறகு, எது எல்லாவற்றுக்கும் தள்ளி இருக்கிறதோ அந்தச் சுவரில் விரலை வையுங்கள். போன் அங்கே. முதலாளி காட்டும் சுவர் எப்போதும் தப்பான சுவர். காலண்டர் மாட்டியிருக்கும் சுவரைத்தான் அவர் காட்டுவார்.

கையில் தூக்கிக்கொண்டு போகும் ஒயர் இல்லாத போன் வேண்டாம். ஒரு வாரத்தில் அதன் பொத்தான்களுக்குள் எண்ணெய் இறங்கும், இரண்டாவது வாரம் அதுவே சாம்பாருக்குள் இறங்கும். நான் கண்ணால் பார்த்தேன், கரண்டியால் எடுத்தேன். செல்போனும் வேண்டாம். மாவுக் கையால் தேய்த்தால் அது மாஸ்டரின் மாமியாருக்குப் போகும். கனமான ரிசீவர், சுருள் ஒயர், முழங்கையால் அழுத்தும் அளவுக்கு ஒரே ஒரு பெரிய பொத்தான். பிடியில் ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும். அழுத்தினால்தான் இங்கே இருந்து சத்தம் போகும், விட்டால் போகாது. மைக்கில் முன்னும் பின்னும் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஓட்டை உள்ள மைக், தூரத்துச் சத்தத்தை இரண்டு பக்கமும் வாங்கித் தானே அழித்துவிடும், வாய்க்குப் பக்கத்தில் பேசுவதை மட்டும் அனுப்பும். கிண்கிண் என்று கூவும் மணி தட்டுச் சத்தத்தோடு கலந்துபோகும். டங்... டங்... என்று நிதானமாக அடிக்கும் மணி வையுங்கள். கூடவே தோசைக்கல்லுக்கு நேராக, கண் படும் உயரத்தில் ஒரு சிவப்பு விளக்கு. ஆவி உள்ளே போகாமலிருக்க பெட்டியின் மூடிக்கு குக்கர் ரப்பர் போடுங்கள். கடையில் விற்கும் ரப்பர் ஒரு வருடம் வரும், குக்கர் ரப்பர் அதைத் தாண்டியும் வரும். இதை யாரும் எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. எழுதியிருந்தால் என்னைக் கேட்டு எழுதியிருப்பார்கள்.

இத்தனையும் தெரிந்த நான்தான் மாடி ஹோட்டலில் தப்பான பெட்டியை வைத்தேன். காரணம் நைனா.

நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயரம் குறைவு, நெற்றியில் பளிச்சென்று நாமம், கையில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. கோபம் வந்தால் ஊரில் மற்ற முதலாளிகளுக்குக் குரல் ஏறும். நைனாவுக்கு இறங்கும். லேசான கோபத்துக்குப் பேச்சு, நடுத்தரக் கோபத்துக்கு முணுமுணுப்பு, உச்சத்துக்குப் போனால் உதடு மட்டும் அசையும். சமையல்கட்டு ஆட்கள் அவர் உதட்டைப் பார்த்தே நடுங்குவார்கள். பார்க்காதவர்களுக்கு அவர் திட்டியதே தெரியாது. இதுதான் நைனாவின் பெரிய மனக்குறை. ஊரிலேயே அதிகச் சத்தமுள்ள அடுப்படியை வைத்துக்கொண்டு, ஊரிலேயே மெதுவாகத் திட்டுகிற மனிதர்.

நான் வருவதற்கு முன்னால் மேலிருந்து கீழே ஒரு பிளாஸ்டிக் குழாய் போட்டு வைத்திருந்தார்கள். கழிவுநீருக்குப் போடும் அதே குழாய், புதுசு. மேலே இருந்து அதில் வாயை வைத்து, "ரெண்டு ரவா" என்று கத்த வேண்டும். கீழே இருந்து பதிலுக்கு வெங்காய வாசனை வரும்.

நைனா என்னைக் கூப்பிட்டார்.

"சாமு, நான் பேசுறது கீழ கேக்கணும்."

"கேக்கும் நைனா. ரிசீவர் வெச்சுடுவோம்."

"ரிசீவர்னா அவன் வந்து எடுக்கணும். நான் திட்டுறதுக்கு அவன் எடுக்கற வரைக்கும் காத்துகினு இருக்கணுமா? பெட்டி வை. நான் இங்க பேசினா அவன் தலைக்கு மேல விழணும்."

நான் சொல்லியிருக்க வேண்டும், 'வேணாம் நைனா, சமையல்கட்டுக்குத் திறந்த பெட்டி ஆகாது' என்று. வாய் வரவில்லை. திருத்தணியின் பெரிய ஹோட்டல், பெரிய மனிதர், என்னை நம்பிக் கேட்கிறார். மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றாக உள்ள, மெல்லிய குரலையும் எடுக்கும் பெட்டியாகத் தேடி வாங்கி மேலே ஒன்று, கீழே ஒன்று மாட்டினேன். அவர் முணுமுணுத்தது கீழே கணீரென்று விழுந்தது. அன்றைக்கு நைனா முகத்தில் பார்த்த சந்தோஷத்தை அவர் மகன் பிறந்த அன்றுகூடப் பார்க்கவில்லை என்று குப்புசாமி சொன்னார்.

ஆனால் அந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேச முடியாது. எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கத்துக்கு வழிவிட்டு, மற்றப் பக்கத்தின் வாயை அடைத்துவிடும். டாக்டர் அறையில் மாட்டினால் அருமையாக வேலை செய்யும். டாக்டர் அறையில் யாரும் அண்டாவைக் கீழே போடுவதில்லை.

ஆடி பிறந்த வாரம், மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த சிலிண்டர் கூண்டில் கேஸ் வாடை வந்தது. சின்ன வாஷர், மாற்றியாகிவிட்டது. ஆனாலும் நைனாவுக்கு பயம் பிடித்துக்கொண்டது. கூண்டில் வாடை வந்தால் சமையல்கட்டுக்குத் தெரியாது, படி ஏறி இறங்குகிறவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அதனால் குப்புசாமியைக் கூப்பிட்டு, உதடு அசைய மட்டும் சொன்னார். "மேலேர்ந்து மூடுன்னு சொன்னா கேள்வி கேக்காத. ஏன்னு கேக்காத. மெயின் வால்வை மூடு. ஒரு அடுப்புல தீ இருக்கக் கூடாது. அப்புறம் பேசிக்கலாம்." நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். நல்ல ஏற்பாடு என்றுகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. அன்றைக்குத் திருத்தணி எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெருவெல்லாம் பூக்காவடி, பாதிக் கூட்டம் நம் பக்கம், பாதிக் கூட்டம் ஆந்திரா. விரதமிருந்து, காவடியைச் செலுத்திவிட்டு மலையிறங்கி வருகிறவர்கள் நேராக இலைக்குத்தான் வருவார்கள். திருவிழா நாட்களில் நைனா என்னை ஹோட்டலிலேயே இருக்கச் சொல்வார். மணி, விசிறி, விளக்கு எது நின்றாலும் கைக்கு ஆள் வேண்டும். நான் படியின் நடுவில் ஒரு பல்பை மாற்றிக்கொண்டிருந்தேன்.

திடீரென்று சத்தம் நின்றது.

சமையல்கட்டு இரைச்சல் நமக்கு எந்த அளவுக்குப் பழகிப்போகும் என்றால், அது நின்றால்தான் காது வலிக்கும். கீழே ஓடினேன். எல்லா அடுப்பும் அணைந்து, விசிறியும் கிரைண்டரும்கூட நின்று கிடந்தன. குப்புசாமி மெயின் வால்வின் மேல் கை வைத்தபடி, "வெளிய போங்க, எல்லாரும் வெளிய போங்க" என்று ஆட்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். எண்ணெயில் கிடந்த வடை பொரியாமல் எண்ணெயைக் குடித்துக்கொண்டிருந்தது. கூண்டைப் போய் மோந்து பார்த்தேன். வாடையே இல்லை.

மறுபடி பற்றவைப்பது சாதாரண வேலையில்லை. எல்லாத் திருகையும் மூட வேண்டும், கதவு ஜன்னல் திறந்து காத்திருக்க வேண்டும், ஒவ்வொன்றாகப் பற்றவைக்க வேண்டும். அதற்குள் பொங்கல் பாதி வெந்து இறுகிவிட்டது. மேலே வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு ஜனம் 'அரோகரா' போட ஆரம்பித்தது. பக்தியில் போடும் அரோகராவுக்கும் பசியில் போடும் அரோகராவுக்கும் வித்தியாசம் உண்டு.

நைனா இறங்கி வந்தார். உதடு அசைந்தது. சத்தம் நின்றிருந்ததால் அன்றைக்கு எல்லோருக்கும் கேட்டது.

"யாரு மூடச் சொன்னது?"

"மேலேர்ந்து வந்துச்சு நைனா" என்றார் குப்புசாமி. "மூடுன்னு. பெட்டியில. ரமணய்யா குரலு."

ரமணய்யா கூடத்துச் சூப்பர்வைசர், நகரிப் பக்கத்துக்காரர். குப்புசாமியைத் தெலுங்கில் 'பாவா', அதாவது மச்சான், என்றுதான் கூப்பிடுவார். பொண்ணு கொடுத்து எடுத்த உறவு ஒன்றும் இல்லை, கிண்டல் உறவு. தலையில் அடித்துக்கொண்டார்.

"தேவுடா! நான் ஏன் பாவா மூடச் சொல்றேன்? எலையப் போட்டுகினு ஜனம் உக்காந்துகினு கீது. நான் பொங்கல் கேட்டுகினு இருந்தேன். சத்தியமா மூடச் சொல்லல நைனா."

நைனா குப்புசாமியைப் பார்த்தார்.

"எதிர்க்கப் புதுசா ஹோட்டல் தொறந்திருக்கானே, அவன் உன்னைக் கூப்பிட்டானாமே குப்பு."

"கூப்பிட்டான். வரலன்னு சொல்லிட்டேன்."

"போறதுன்னா போயிருக்கலாம். திருவிழா அன்னிக்கு என் அடுப்ப அணைச்சிட்டுத்தான் போவணுமா? சாயந்தரம் துண்ட எடுத்துகினு கெளம்பு."

குப்புசாமி வால்விலிருந்து கையை எடுத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "போறேன் நைனா. ஆனா கிருத்திகை அன்னிக்கு அடுப்ப அணைச்சவன்னு பேரு வந்தா, இந்த ஊர்ல இனிமே எவன் எங்கையில கரண்டி குடுப்பான்?"

நான் நடுவில் புகுந்தேன். "ரெண்டு பேரும் பொய் சொல்ற ஆளு இல்ல நைனா. கொஞ்சம் பொறுங்க."

பந்தி ஓய்ந்த பிறகு எல்லா அடுப்பையும் எரிய விட்டேன், விசிறி போட்டேன், கிரைண்டரை ஓட்டினேன். ரமணய்யாவை மேலே அனுப்பினேன். "காலைல சொன்னத அப்படியே சொல்லு." பெட்டியில் தெளிவாக விழுந்தது: "மூணு பொங்கல்." பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பது மாதிரி.

மேலே ஏறினேன். "இப்படித்தான் சொன்னியா?"

"ஆங்."

"அப்போ கையில இன்னா இருந்துச்சு?"

"ரெண்டு கையிலயும் தட்டு."

"நின்னுகினு சொன்னியா?"

"எங்கண்ணா நிக்க விட்டாங்க? ஓடிகினே சொன்னேன்."

இரண்டு கையிலும் தட்டைக் கொடுத்தேன். கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து சொல்லச் சொன்னேன். கீழே இறங்கி, ஒருவரிடம் அண்டா மூடியைக் கொடுத்து, குரல் கேட்டதும் கீழே போடச் சொன்னேன்.

பெட்டி பேசியது. "மூடு—"

அண்டா மூடி விழுந்தது. கீழே சத்தம் அதிகம், பெட்டி மேலே இருப்பவரின் வாயை அடைத்துவிட்டது. அவ்வளவுதான். 'பொங்கல்' வரவே இல்லை. குப்புசாமியின் கை தானாக வால்வுக்குப் போயிற்று. ஓடிப்போய்ப் பிடித்தேன்.

தெலுங்கில் மூடு என்றால் மூன்று. இது திருத்தணியில் கைக்குழந்தைக்கும் தெரியும். குப்புசாமிக்குத் தெரியும், நைனாவுக்கு அதுதான் தாய்மொழி. 'மூடு பொங்கல்' என்று முழுசாக விழுந்திருந்தால் மூன்று பொங்கல் போயிருக்கும், யாரும் யோசித்தே இருக்க மாட்டார்கள். இரண்டு பாஷையும் ஒரே காதில் இருப்பதால்தான் எங்களில் ஒருவனுக்கும் அது சந்தேகமாகத் தோன்றவில்லை. நின்று பேசினால் ரமணய்யாவுக்குத் தமிழ் எண். ஓடினால் தெலுங்கு எண்.

நைனாவுக்கு உடனே பிடிபட்டது. "ஓ, ரமணா நாக்கா" என்றார். தட்டோடு கீழே இறங்கி வந்த ரமணய்யா படியிலேயே நின்றுவிட்டார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ரமணய்யாவை நாலு வார்த்தை திட்டுவார், குப்புசாமி பிழைப்பார், நான் கண்டுபிடித்தவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். ஒரு தோசை வேகும் நேரம் அப்படித்தான் நின்றேன். பிறகு சொன்னேன்.

"நாக்கு இல்ல நைனா. பெட்டி. சமையல்கட்டுக்கு இந்தப் பெட்டி ஆகாதுன்னு எனக்கு மாட்டும்போதே தெரியும். நீங்க ஆசைப்பட்டீங்க, நானும் மாட்டிட்டேன். இது ரெண்டு பேருல எவன் மேலயும் இல்ல. எம்மேல."

நைனாவின் உதடு அசைந்தது. "அப்போ நீ கெளம்பு."

"கெளம்பறேன் நைனா. இதைக் கழட்டிட்டு, சரியானத மாட்டிட்டுக் கெளம்பறேன்."

"யோவ் பெல்லு" என்றார் குப்புசாமி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "மாட்டும்போது எந்தலைக்கு நேரா மாட்டாத."

கனமான ரிசீவர், அழுத்திப் பேசும் சுவிட்ச், இரண்டு ஓட்டை மைக், டங் மணி, சிவப்பு விளக்கு, குக்கர் ரப்பர். மேலே சொன்ன பாடத்தை அந்த ஹோட்டலில் அன்றைக்குத்தான் முழுசாகக் கடைப்பிடித்தேன். கேஸுக்குத் தனியாக ஒரு சிவப்பு மணி. அதற்கு வாய் கிடையாது. அடித்தால் வால்வை மூட வேண்டும், அவ்வளவுதான். மேலே கேட்டதைக் கீழே திருப்பிச் சொன்னால்தான் மேலே இருப்பவர் போனை வைக்கலாம் என்று நான்தான் சொன்னேன்.

மூன்றுக்கு என்ன செய்வது என்பதில்தான் சண்டை. ரமணய்யா, "இனிமே மூணுன்னே சொல்றேன்" என்று சத்தியம் செய்தார். ஓடவிட்டேன். "மூடு" என்றார். மறுபடி சத்தியம், மறுபடி ஓட்டம், மறுபடி மூடு.

"உன் சத்தியத்த நிறுத்துய்யா" என்றேன். "எந்தப் பாஷைலயும் வேற அர்த்தம் வராத ஒண்ணு சொல்லணும். உன் நெத்தில மூணு கோடு இருக்குதே, அதுக்குப் பேரு இன்னா?"

"நாமம்."

"ஓடிகினே சொல்லு."

தட்டோடு ஓடினார். "நாமம் பொங்கல்!" நாக்கு வழுக்கவில்லை. நைனா தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. அவர் சிரிப்பும் சத்தமில்லாததுதான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. "கிறிஸ்தவன் வந்து என் ஹோட்டலுக்கு நாமம் போட்டுட்டுப் போறான்" என்றார்.

'கிளம்பு' என்ற பேச்சு அதோடு போயிற்று. குப்புசாமி எதிர்க்கடைக்கும் போகவில்லை, எங்கேயும் போகவில்லை. வயதாகி ஓய்வு பெறும் வரை அங்கேயே கரண்டி பிடித்தார். ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர், "பக்கத்து டேபிளுக்கு நாமம் தோசைன்னு போவுதே, அது இன்னா, எனக்கும் ஒண்ணு" என்று கேட்டு, மூன்று தோசை வந்து திகைத்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். இன்னொரு விளைவையும் மறைக்கக் கூடாது. வாய்க்குப் பக்கத்து மைக் என்பதால் நைனாவின் உதடசைவுத் திட்டு முதன்முறையாகச் சொல் சொல்லாகக் கீழே போய்ச் சேர்ந்தது. சமையல்கட்டில் பாதிப் பேர் என்னிடம் வந்து பழைய பெட்டியையே மாட்டச் சொன்னார்கள்.

இப்போது கனகம்மாசத்திரம். புதுக் கிளையில் ஆலோசகர் எல்லோர் காதிலும் ஒரு கருவியை மாட்டியிருக்கிறார். தலைக்கு மேல் ஒரு வளையம், வாய்க்கு முன் ஒரு குச்சி. திறப்பு விழா அன்று மதியத்துக்குள் தோசை மாஸ்டர் அதைக் கழற்றி உப்பு டப்பாவின் மேல் வைத்துவிட்டார். "காதுல வேர்வை இறங்குது, எல்லார் பேச்சும் எனக்கே கேக்குது சார், பாத்ரூம் போனவன் பாட்டுகூடக் கேக்குது" என்றார். உப்பு டப்பா அன்றைக்கு நிறைய ஆர்டர் வாங்கியது.

நான் சின்னவரைத் தனியே கூப்பிட்டேன். "தம்பி, சுவத்துல மூணு விதி போட்டிருக்கியே, எம்பேரு எங்க?"

"அங்கிள், இதெல்லாம் டீம் வேலை. தனித்தனியா பேரு போட முடியாது."

"கீழ ஒருத்தர் பேரு தனியா போட்டிருக்குதே."

"அவர் புரோட்டோகால் டிசைன் பண்ணவர்."

"சரி. அவர்கிட்ட கேளு, மூணுக்கு ஏன் நாமம்?"

ஆலோசகர் சிரித்துக்கொண்டே வந்தார். "பாரம்பரியம் சார். பெரிய பெரிய ஹோட்டல்ல எல்லாம் இப்படி லோக்கல் கோட் உண்டு."

"அப்போ நாலுக்கு இன்னா பாரம்பரியம்?" என்றேன். அவர் செல்போனைப் பார்த்தார்.

சின்னவர் கெட்டவர் இல்லை. சம்பவம் நடந்தபோது அவர் ஹாஸ்டலில் இருந்தார். பாதிக் கதைதான் அவர் காதுக்குப் போயிருக்கிறது. 'மூடு' வந்து சேர்ந்தது, 'பொங்கல்' வரவில்லை, அதே மாதிரி. திருப்பிச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அதனால் இத்தனை வருடம் கழித்து, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதரை, கோபத்தில் அடுப்பை அணைத்தவர் என்று மைக்கில் சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் குப்புசாமியிடம், "நீ எழுந்து சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன். "நான் சொன்னா நம்பமாட்டான் பெல்லு. நீதான் மாட்டினவன், நீ சொல்லு" என்றார்.

சொல்கிறேன். சங்க மலரில் அச்சாகட்டும், சின்னவருக்கு ஒரு பிரதி போகட்டும். அந்தக் கண்ணாடிச் சட்டத்தில் ஆலோசகரின் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. சட்டம் போட்டவர் அவர், ஆணி அடித்ததும் அவர் ஆள்தான். அவருக்குக் கீழே நான் கேட்கும் வரிகளைச் சேர்க்க வேண்டும், இதே எழுத்துப் பருமனில்:

தப்பான பெட்டியை மாட்டியவர் பெல்லு சாமுவேல்.

சொன்னபடி சரியாக அடுப்பை மூடியவர் குப்புசாமி மாஸ்டர்.

நாமம் என்ற சொல்லையும், சிவப்பு மணியையும், திருப்பிச் சொல்லும் வழக்கத்தையும் கொண்டுவந்தவர் பெல்லு சாமுவேல்.

முதல் வரி இல்லாமல் கடைசி வரி எனக்கு வேண்டாம். நடுவரி இல்லாமல் இரண்டுமே வேண்டாம். ஆக மொத்தம் நாமம் வரி. எழுதி மாட்டியதும், சின்னவர் எனக்குப் போன் போட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுவரை நான் ரிசீவரை வைக்க மாட்டேன்.